வடக்கு வெளிச்சம்: யாழ்ப்பாணத்துப் பழைய படக்காரரைத் தேடிப் போன நாட்கள்

மார்ச் 6, வியாழன். பலாலி

என் பெட்டி வரவில்லை. சின்ன விமானம், எடை கூடிவிட்டது, மீதிப் பெட்டிகள் நாளைக்குத்தான் என்று பலாலி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு சொன்னார்கள். மாற்றுத் துணி, பிரஷ், கும்பகோணத்திலிருந்து எடுத்து வந்த பூதக்கண்ணாடி எல்லாம் சென்னையிலேயே தங்கிவிட்டன. கூட வந்தவை கேமராப் பையும், அதற்குள் அட்டை வைத்துக் கட்டிய ஓர் உறையும்தான்.

உறைக்குள் இருப்பது ஒரு பழைய போட்டோ. கோலாலம்பூரில் இருக்கும் நண்பர் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடைத்தது. தடித்த அட்டையில் ஒட்டிய படம். கேபினெட் என்று அந்தக் காலத்தில் சொன்ன அளவு: நாலேகால் அங்குல அகலம், ஆறரை அங்குல உயரம். பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, செதுக்கு வேலை செய்த நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிற்கிறாள். பின்னால் துணியில் வரைந்த மாடிக் கைப்பிடிச் சுவர். அட்டையின் பின்புறத்தில் ஸ்டூடியோ பெயர் இருந்த இடம் ஆல்பத்துப் பசையோடு கிழிந்து போயிருக்கிறது. யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் தப்பியிருக்கிறது.

எங்களுடையது ஸ்டூடியோக் குடும்பம். அப்பா நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் நண்பர் என்னிடம் கேட்டார்: இதை எடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்தது.

நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். பெட்டி இல்லாமல் வந்து நின்றவனைப் பார்த்து அந்த வீட்டு அம்மா, “யோசிக்காதேங்கோ தம்பி, நாளைக்கு வந்திடும்” என்று சொல்லி, துவைத்து மடித்த சாரம் ஒன்றும் புது பிரஷ் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரிக்கு அரிசிமாப் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. சாப்பாடு கணக்கில் இல்லையே என்றதற்கு, “வீட்டுக்கு வந்த ஆளிட்டை புட்டுக்குக் காசு வாங்கிறதே?” என்று உள்ளே போய்விட்டார். மின்விசிறி சுற்றியும் புழுக்கம் குறையவில்லை. இந்த வெப்பத்தில், படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டைக் கழுவிப் படம் எடுத்தவரை நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

மார்ச் 7, வெள்ளி. நகரம்

காலையில் மலாயன் கபேயில் வாழையிலை போட்டுத் தோசை, சம்பல், உளுந்து வடை. பில் 400 ரூபாயைத் தாண்டவில்லை. நம் பணத்தில் 120க்குள். இலையை நாமே மடித்து எடுத்துக் குப்பை வாயில் போட வேண்டும். பக்கத்து மேசைக்காரர் நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, என் இலையையும் சேர்த்து எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கஸ்தூரியார் வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் கண்ணில் பட்ட ஸ்டூடியோவிலெல்லாம் படத்தைக் காட்டினேன். எல்லாம் கல்யாண வீட்டு ஆல்பம், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டு வீடியோ, ட்ரோன் என்று இயங்கும் இடங்கள். ஒரு கடையில் இருபத்தைந்து வயதுப் பையன் படத்தை வாங்கி ஓரத்தை மட்டும் பிடித்தான். முகத்தில் விரல் படாமல் பிடிக்கக் கற்றவன். “இதுக்கு எங்கட ஐயாதான் சரி” என்றவன், கடையைத் திறந்தபடியே பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய அப்பப்பா (அப்பாவின் அப்பா) கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவதற்கு முன்பே, அதாவது 1905க்கு முன்பே, படம் எடுக்கும் தொழிலைத் தொடங்கியவர். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் ஸ்டூடியோவில் பிளேட் கழுவும் பையனாகச் சேர்ந்து, தொழிலைக் கண்ணால் பார்த்தே பிடித்துக்கொண்டு, ஒரு கமராவோடு கடல் வழியாக ஊர் திரும்பினாராம். வீட்டுப் பின்பக்கம் அவர் கட்டிய அறையின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கூரை இப்போது தகரம். வடக்குச் சுவரின் மேல்பாதியில் பெரிய திறப்பு இருந்து பின்னால் கல் வைத்து அடைத்த அடையாளம் தெளிவாகத் தெரிகிறது.

அந்தச் சுவரைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மின்விளக்கு இல்லாத காலத்து ஸ்டூடியோ எங்கேயும் வடக்கு வெளிச்சத்தைத்தான் நம்பியது. நேர் வெயில் விழாத, நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் வெளிச்சம் அது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஐயா சிரித்தார். “அது சீமைக்குச் சரி. இஞ்சை சித்திரை வருசம் பிறந்தால் வெய்யில் வடக்குப் பக்கத்தாலை வரும். ஆவணி முடியுமட்டும் போகாது.” உண்மைதான். யாழ்ப்பாணம் இருப்பது ஒன்பதரை பாகைக்குச் சற்று மேலே. ஏப்ரல் நடுவில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பவும் தலையைக் கடக்கும். அந்த மாதங்களில் வடக்குக் கண்ணாடி வழியாக நேர் வெயிலே உள்ளே விழும். அதற்காக அப்பப்பா வெள்ளை வேட்டியைக் கப்பி வைத்து இழுக்கும் திரையாகக் கட்டியிருந்தாராம். கப்பி மாட்டிய இரும்பு வளையம் இன்னும் சுவரில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலில் வெளிச்சத்தை ஊருக்குத் தக்கபடி வளைப்பதுதான் பாதி வேலை. அதை ஒரு மனிதர் இந்தச் சுவரில் செய்து காட்டியிருக்கிறார்.

பனங்கட்டி கடித்துக்கொண்டு பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். அப்புறம்தான் உறையைத் திறந்தேன். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“உது கறுப்புச் சீலை இல்லைத் தம்பி” என்றார் முதலில்.

நான் இத்தனை நாள் அதைக் கறுப்புப் புடவை என்றே நினைத்திருந்தேன். “கலியாணம் பேசுற பிள்ளைக்கு ஆர் கறுப்பு உடுத்தி விடுவினம்? உது சிவப்பு. பொட்டைப் பாருங்கோ, அதுவும் கறுப்பாய் இருக்கு. அது குங்குமமெல்லே.”

அந்தக் காலத்துப் பிளேட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். சிவப்புக்கு அது குருடு, மஞ்சளுக்குப் பாதிக் குருடு. அதனால் சிவப்புப் புடவை படத்தில் கறுப்பாகும். தங்கச் சங்கிலி மங்கிப்போகும். நெற்றியில் திருநீறு மட்டும் பளீரென்று விழும். நம் மண்ணின் தோல் நிறம் இருப்பதைவிட இரண்டு படி கறுத்துத் தெரியும். பெரும்பாலும் வெள்ளைத் தோலை வைத்தே சரிபார்த்து ஐரோப்பாவில் செய்து அனுப்பிய சரக்கு அது. அதைக் கொண்டு இங்குள்ள முகத்தை எடுப்பது வேறு வித்தை. வெளிச்சத்தை முகத்தில் கூட்டி, புடவையை விட்டுவிட வேண்டும். பிறகு நெகட்டிவில் பென்சில் வேலை. அப்பப்பா பென்சிலைக் கண்ணுக்குக் கீழேயும் மூக்கின் ஓரத்திலும் மட்டும் வைப்பாராம். முழு முகத்தையும் வெள்ளையாக்கித் தரச் சொல்லிக் கேட்டவர்களுக்கு, “உங்கட ஆள் படத்தைப் பார்த்துத்தான் உங்களை அடையாளம் காண வேணும்” என்பாராம். எங்கள் வீட்டிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. முகத்தை மாவாக அரைத்துக் கொடுத்த ஸ்டூடியோக்களின் படங்கள் நூறு வருஷம் கழித்து யாருடைய முகமாகவும் இல்லை. நிழலை விட்டுவைத்தவர்களின் படங்களில் ஆள் இருக்கிறார்.

படத்தில் பெண்ணின் பாதத்துக்குப் பின்னால் ஒரு இரும்புக் காலின் நுனி எட்டிப் பார்க்கிறது என்று காட்டினார். தலையை அசையாமல் பின்னாலிருந்து தாங்கும் கம்பியின் அடிப்பாகம் அது. உச்சந்தலை வகிட்டுப் பக்கம் அட்டை மஞ்சள் பூத்திருப்பதைக் காட்டி, “முட்டைக் காயிதம்” என்றார். முட்டை வெள்ளைக்கருவில் உப்புக் கலந்து பூசி, வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு, நெகட்டிவோடு சட்டத்தில் வைத்து வெயிலில் காயவிட்டு எடுக்கும் பிரிண்ட். 1850இல் வந்த முறை, அரை நூற்றாண்டு ஆண்டது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஒரே ஆலை 1888இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைத் தாளாக்கியது. முட்டை தொடாத சைவ வீடுகளின் சாமியறை ஓரத்தில் தொங்கிய பெரியவர்களின் படங்களும் அந்தத் தாளில்தான் இருந்திருக்கும்.

கேபினெட் அட்டை, முட்டைத் தாள் என்றால் 1890களை ஒட்டியது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். எடுத்தது அவருடைய அப்பப்பாவா? “இல்லை” என்றார் உடனே. “எங்கட கதிரை உது இல்லை.” உரிமை கொண்டாட அவருக்கு எளிதான சந்தர்ப்பம். பெயர் கிழிந்த அட்டை, கேட்க ஆளில்லை. ஆனாலும் இல்லை என்றார்.

நாற்காலி என்றதும் அவருக்கு வேறொரு ஞாபகம் வந்தது. ஊரில் சாதி பார்த்துச் சிலரைக் கதிரையில் உட்கார விடாத காலம் அது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக பெஞ்சில் உட்காரலாம் என்று 1929 வாக்கில் உத்தரவு வந்தபோது பள்ளிக்கூடங்களையே கொளுத்தினார்கள் இங்கே. அதற்கெல்லாம் முன்பு, வெளிநாடு போய் உழைத்து வந்த ஒருவர், பொழுது விடியுமுன் பின்வாசல் வழியாக வந்து படம் எடுக்க வேண்டும் என்று கேட்டாராம். அப்பப்பா அவரைச் சால்வையோடு கதிரையில் இருத்தி எடுத்தார். முதல் வெளிச்சம் போதாமல் லென்ஸ் மூடியைக் கழற்றி வைத்து வெகுநேரம் எண்ண வேண்டியிருந்தது. அந்த மனிதர் துளிகூட அசையவில்லை. செய்தி எப்படியோ வெளியே போய், பெரிய வீடுகள் சில அந்தக் கதிரையில் இனி இருக்க மாட்டோம் என்றன. “அப்பப்பா என்ன செய்தவர் தெரியுமோ? கதிரையை மாத்தேல்லை. படம் வேணுமெண்டால் அதிலைதான் இருக்க வேணும் எண்டு விட்டிட்டார். நகரத்திலை வேறை நல்ல படக்காரன் இல்லாத நேரம். ஒரு வருசத்திலை எல்லாரும் வந்தினம்.”

அந்தக் கதிரை?

“தொண்ணூற்றஞ்சு இடப்பெயர்விலை விட்டிட்டுப் போனது. திரும்பி வந்து பார்க்கக் கூரையும் இல்லை, கதிரையும் இல்லை.” பிளேட்டுகள்? ஆயிரக்கணக்கில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தவை ஓட்டுக்கடியில் நொறுங்கி, மழையில் நனைந்து, ஜெலட்டின் உரிந்து, சேற்றோடு சேறாகிவிட்டன. மேசை லாச்சியிலிருந்து துணியில் சுற்றிய பிளேட் ஒன்றை எடுத்தார். கண்ணாடி முழுக்க வெறுமை. ஒரு மூலையில் மட்டும் ஒரு குழந்தையின் கையும் கொலுசும்.

நான் கிளம்பும்போது அவர் சொன்னதையும் எழுதிவிட வேண்டும். 1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. ஆனால் அடையாள அட்டைக்கும் பயண அனுமதிப் பாஸுக்கும் எல்லாருக்கும் படம் வேண்டும். சுவரில் துளை போட்டு, வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வெயிலையே உள்ளே திருப்பிப் பிரிண்ட் போட்டிருக்கிறார். அப்பப்பா செய்த முறையைச் சிறுவயதில் கேட்டு வைத்திருந்தது அப்போது கை கொடுத்தது.

சாயங்காலம் பெட்டி வந்துவிட்டது. ஒரு சக்கரம் உடைந்திருந்தது.

மார்ச் 8, சனி. மானிப்பாய், வட்டுக்கோட்டை

பஸ்ஸில் போனேன். கண்டக்டர் மீதி 20 ரூபாயைத் தர மறந்து, இறங்கிய என்னைப் பின்னாலேயே கத்திக் கூப்பிட்டு யன்னல் வழியாகக் கொடுத்தார்.

மானிப்பாயில் கிறீன் ஆஸ்பத்திரியைப் பார்த்தேன். அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, மறு வருஷமே இங்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, பிறகு மருத்துவ நூல்களைத் தமிழிலேயே எழுதியும் பெயர்த்தும் அச்சடித்தவர். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்று வேதியியலுக்கே ஒரு தமிழ் நூல் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்துப் படக்காரரின் பாதி வேலை ரசாயனம். மருத்துவர் மருவைச் சுடும் வெள்ளி நைட்ரேட்தான் படக்காரரின் விரலைக் கறுப்பாக்குவதும். சிறிய ஊர் ஒன்றில் இந்தத் தொழில் வேர் பிடிக்க மருந்துக் கடையும், தராசு பிடிக்கத் தெரிந்த பையன்களும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரண்டும் இருந்தன.

தண்ணீர்தான் பிரச்சனை. இங்கே நிலத்தடியெல்லாம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, கழுவிய பிளேட்டில் வெள்ளை படியும். மாரி மழையைத் தாழ்வாரத்தில் பிடித்து வைப்பார்கள் என்று ஐயா நேற்றுச் சொன்னது ஞாபகம் வந்தது. வெப்பம் இன்னொரு எதிரி. 1880களில் வந்த உலர் பிளேட்டின் ஜெலட்டின், வெதுவெதுப்பான தண்ணீரிலேயே இளகி ஓரத்தில் சுருளும். அதனால் கழுவும் வேலை விடியலுக்கு முன்பு, படிகாரத் தண்ணீரில் இறுக்கிக்கொண்டு.

வட்டுக்கோட்டையில் நண்பர் சொல்லி வைத்திருந்த வீடு. முன் விறாந்தையில் தேக்குத் தூண்கள். இந்த வீட்டை எழுப்பியது மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து பென்ஷனோடு திரும்பிய ஒருவர். அந்தக் காலத்தில் இங்கு வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூர், மலாயா என்று போயிருப்பார்கள். போனவர்களுக்குப் பெண் இங்கே பார்க்க வேண்டும். பெண்ணின் படம் கப்பலேறிப் போகும், மாப்பிள்ளையின் படம் கப்பலேறி வரும். பிறகு பிள்ளை பிறந்தால் ஒரு படம், தாய் கண்ணை மூடினால் பாடையைச் சுற்றிக் குடும்பமே நின்று ஒரு படம். படக்காரரின் பிழைப்பே இந்தப் போக்குவரத்தில்தான் நடந்தது.

வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். கதவு திறந்ததும் கேட்டது, “சாப்பிட்டியளே?” வந்த காரியம் அதற்குப் பிறகுதான். காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, எல்லாவற்றுக்கும் மேல் புளியும் உறைப்பும். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தார். வியர்வை கழுத்து வழியாக இறங்கியது. இரண்டாவது பிளாவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரும் கேட்டு ஊற்றவில்லை.

கூடத்தில் பழைய படங்கள் சில மாட்டியிருந்தன. எல்லாம் புதிய தாளில் போட்ட பிரிண்ட். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். “இதெல்லாம் மலேசியாவிலை கிளாங்கிலை இருக்கிற எங்கட சித்தப்பா வீட்டு ஆக்கள் அனுப்பினது. தொண்ணூற்றஞ்சு ஒக்டோபர் முப்பதிலை வெளிக்கிடேக்கை காணி உறுதியையும் பேர்த் சேட்டிபிக்கற்றையும்தான் எடுத்தனாங்கள். படம் எடுக்கத் தோன்றேல்லைத் தம்பி. மழை. நாவற்குழிப் பாலத்திலை ஆளோடை ஆள் நசிஞ்சு நடந்தனாங்கள்.” போரின் நடுவே வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் நடந்த அந்த வெளியேற்றத்தில் எத்தனை ஆல்பங்கள் அலுமாரியிலேயே கிடந்து போயின என்று நினைத்தால் பேச்சு வரவில்லை.

எழுபது எண்பது வருஷத்துக்கு முன்பு மாப்பிள்ளைக்கும் மகனுக்கும் என்று ஊரை விட்டு அனுப்பிய பிரதிகள்தான் பிழைத்தன. வீட்டில் பத்திரமாக வைத்தவை போய்விட்டன. தொலைவில் இருந்தவர்கள் அவற்றை ஸ்கேன் செய்து வாட்ஸப்பில் அனுப்ப, இங்கே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் படக்காரரின் தொழில் யாழ்ப்பாணத்துக்கு வெளியே போய்த்தான் உயிரோடு இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு. நகரம்

வயிறு கொஞ்சம் தகராறு. கூழின் மேல் பழி போட மாட்டேன், வெயிலில் குடித்த கலர் சோடாதான். காலை முழுவதும் படுத்திருந்தேன். வீட்டு அம்மா மல்லித் தண்ணீர் கொடுத்தார்.

மாலையில் பொது நூலகம் வரை நடந்தேன். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போனதாகச் சொல்லும் கட்டடம், இப்போது வெள்ளையாக நிற்கிறது. உள்ளே பையன்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. பிறகு கோட்டை மதிலில் ஏறிக் கடற்காற்று வாங்கினேன்.

காற்றில் நின்று யோசித்தது இது. இலங்கையின் பழைய புகைப்படம் என்றால் புத்தகங்களில் வருபவை கொழும்பு ஸ்டூடியோக்கள்: ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டுத் தோட்டத்தில் இறந்த ஜூலியா மார்கரெட் கேமரனைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பெரிய கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் அவர் எடுத்த தமிழர் முகங்களுக்குப் பெயர் இல்லை. கொழும்புக்காரர்கள் சுற்றுலாப் பயணிக்கு விற்றவை ‘தமிழ்ப் பெண்’, ‘தமிழ்க் கூலி’ என்று தலைப்பிட்ட அட்டைகள். எடுக்கப்பட்டவருக்கு அதில் ஒரு பிரதிகூடப் போயிருக்காது. சின்ன ஊர்ப் படக்காரரிடம் போனவர் தன் காசில், தான் தேர்ந்த சால்வையோடு, தனக்கு வேண்டிய ஒருவருக்கு அனுப்பப் போனார். படம் அவருடையது. கலை வரலாற்றில் இந்தப் படங்களுக்கு முதல் பக்கத்தில் இடம் வேண்டும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

மார்ச் 10, திங்கள். கொக்குவில்

ஸ்டூடியோப் பையன் போன் செய்து, கல்வெட்டுச் சேர்க்கும் ஒருவரிடம் கூட்டிப் போகிறேன் என்றான். இங்கே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு நூல் அச்சடித்துக் கொடுப்பார்கள். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, பழைய குடும்பப் படங்கள். அதைத்தான் கல்வெட்டு என்கிறார்கள். நூலகம் இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கி வருகிறதே, அதிலும் இந்த நினைவு மலர்கள் ஏராளமாக இருக்கின்றன.

கொக்குவில் வீட்டில் அவை அரிசிப் பெட்டி, பிஸ்கட் பெட்டி என்று கட்டில் அடியெல்லாம் இருந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியர். தூசிக்கு முகக்கவசம் தந்தார், தான் போட்டுக்கொள்ளவில்லை. மதியத்துக்கு அவர் மனைவி இடியப்பமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கொண்டுவந்து வைத்து, “தாளிலை எண்ணெய் படாமல் பாருங்கோ” என்று மூவரையும் பொதுவாக எச்சரித்துவிட்டுப் போனார்.

ஒவ்வொன்றாகப் புரட்டினோம். முதலில் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் முகத்தை விட்டு நாற்காலியைப் பார்க்கத் தொடங்கினேன். ஸ்டூடியோக்காரனுக்கு ஆட்கள் மாறுவார்கள், நாற்காலி மாறாது.

மூன்று மணி வாக்கில் பையன்தான் கண்டுபிடித்தான். 1980களில் காலமான ஒரு மூதாட்டியின் கல்வெட்டு. உள்ளே அவருடைய தகப்பனார் இளைஞனாக இருக்கும் படம், ‘செரம்பான் புறப்படுமுன் எடுத்தது’ என்று கீழே ஒரு வரி. செரம்பான் மலாயாவில் ஓர் ஊர். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகில் அதே திராட்சைக் கொடிச் செதுக்கு. இடது குமிழ் அதேபோல் உடைந்திருக்கிறது. பின்னால் அதே மாடிக் கைப்பிடிச் சுவர். என் கை நடுங்கியதால் படத்தையும் நூலையும் பையனே பக்கத்தில் பக்கத்தில் பிடித்தான்.

அச்சகத்தில் யாரோ நல்ல மனிதர் அட்டையின் கீழ்விளிம்பையும் வெட்டாமல் சேர்த்து அச்சடித்திருக்கிறார். கரி படிந்த அச்சில் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு தெரிகின்றன. ஆசிரியர் அவற்றைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். ஐயாவுக்குப் போன் போட்டோம். எழுத்துகளைச் சொன்னதும், “ஓம், அப்பப்பா சொல்லுறவர், அவையள் எங்களுக்கு முந்தின ஆக்கள்” என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். தன் வீட்டுத் தொழிலுக்குப் போட்டியாக இருந்தவரின் அடையாளம் கிடைத்ததற்காக ஒருவர் இப்படி மகிழ்வதை நான் கும்பகோணத்தில் பார்த்ததில்லை.

இரவு நல்லூரில் ரியோவில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். பையன் காசு கொடுக்க விட மாட்டேன் என்று சண்டை பிடித்துத் தோற்றான்.

மார்ச் 11, செவ்வாய். பலாலி

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. பருத்தித்துறை வடை ஒரு பை, பனங்கட்டி ஒரு குட்டான். பனை ஓலைக் குட்டானோடு சேர்த்து எடை பார்த்தார்கள், இந்த முறை பெட்டி என்னோடுதான் வருகிறது. ஆட்டோக்காரர் 3,000 கேட்டு 2,500க்கு வந்தார். வழியில் தன் திருமணப் படம் எடுத்தவர் யார் என்று அவராகவே சொல்லத் தொடங்கினார்.

நண்பருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். புடவை சிவப்பு என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். செரம்பான் போன இளைஞரின் குடும்பத்தைத் தேடும் வேலையை ஆசிரியர் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணும் அதே ஸ்டூடியோவில், அதே ஒன்றிரண்டு வருஷத்துக்குள் நின்றவள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாழ்ப்பாணத்து அட்டைப் படம் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், அப்படிப் பிய்த்ததில்தான் எங்கள் அட்டையின் பெயர் போனது. பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். தனி அட்டையாக இருந்தால் முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்பும் சேர்த்து, முகத்தை மட்டும் வெட்டாமல். நாற்காலி, திரை, தரைவிரிப்பு எல்லாம் தெரிய வேண்டும். உங்களுக்குத் தெரிந்த பெயர்களைப் படத்தின் மேல் எழுதாமல் தனித்தாளில் எழுதி வையுங்கள். அந்தப் படத்தை உங்கள் வீட்டுக்கு யார் அனுப்பினார்கள், யாருக்கு அனுப்பினார்கள் என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.